பேரு ஒண்ணா இருந்தா ஃபைலும் ஒண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நித்திரவிளை பக்கம் சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கேன். கல்யாணம், ஞானஸ்நானம், பால்காய்ப்பு, சாவு வீடு, எதுக்கு கூப்பிட்டாலும் கேமராவ தூக்கிட்டு போற ஆளு. இருபது வருசமா உங்க பேப்பர் வாங்குறேன், லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவை, அதுவும் ஃபோன்லயே டைப் பண்ணி அனுப்புறேன், எழுத்துப்பிழை இருந்தா நீங்களே திருத்திக்குங்க.

போன வாரம் கம்ப்யூட்டர் டிப்ஸ்னு ஒரு பெட்டி போட்டிருந்தீங்க. டிஸ்க் நிறைஞ்சு போச்சா, கவலைய விடுங்க, இருக்கிற எல்லா ஹார்டு டிஸ்க்கையும் ஒண்ணா மாட்டுங்க, ஒரே பேரு ஒரே சைஸ்ல இருக்கிற ஃபைல தேடுங்க, ஒண்ண மட்டும் வச்சிட்டு மிச்சத்த அழிச்சிருங்க, பாதி டிஸ்க் காலியாயிரும்னு. மொத்தமே நாலு வரி. அத படிச்சிட்டு எனக்க கடைல நிக்கிற பையன் "அண்ணே, நம்ம டிஸ்க்கையும் இப்படி பண்ணிரலாமா"ன்னு மவுச கைல எடுத்துட்டான். நான் அந்த நேரத்துல டீ குடிக்க போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சு பாத்தேன், அதான் எழுத உக்காந்தேன்.

டூப்ளிகேட்ட களையணும்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதுல எனக்கு சண்டை இல்ல. எங்க தொழில்ல இடம்ங்கறது காசு. கணக்கு சொல்றேன் கேளுங்க. ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு கேமரா போகும், ரெண்டும் சேர்த்து ஒரு 3500 படம், ரா ஃபைல், அதாவது கேமரா கை வைக்காம தாற மூலப் படம், ஒண்ணு 28 எம்பி வச்சாலும் அதுவே கிட்டத்தட்ட 100 ஜிபி. வீடியோ 4கேல செகண்டுக்கு 100 மெகாபிட்னு வச்சு எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, கோயில், மண்டபம், மறுவீடு எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம்னா 180 ஜிபி. ஆக ஒரு கல்யாணம் 280 ஜிபி. 4 டிபின்னு எழுதி விக்கிற டிஸ்க்க மாட்டினா விண்டோஸ் 3.63ன்னு காட்டும், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு முதல்ல சண்டைக்கு போவோம், பிறகுதான் தெரியும், டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான். அந்த டிஸ்க்ல பதினாலு கல்யாணம் கொள்ளும். தை, வைகாசின்னு சீசன் வந்தா ஒரே மாசத்துல தீந்துரும்.

ஆனா அது ஒவ்வொண்ணும் ஒரே ஒரு காப்பியா இருந்தாத்தான் இந்த கணக்கு. நடக்கிறது என்னன்னா, ராத்திரி ஒரு மணிக்கு வந்து நான் கார்டு காப்பி போட்டுட்டு படுத்திருவேன், காலைல பையன் வந்து கார்ட பாத்துட்டு காப்பி ஆச்சோ இல்லையோன்னு பயந்து அவனும் ஒரு தடவை போடுவான், அவன் போட்டது "புதிய ஃபோல்டர் (3)". பெண்ணு வீட்டுக்காரங்க ஆல்பத்துக்கு 250 படம் செலக்ட் பண்ணுவாங்க, அது "செலக்சன்"னு தனியா ஒரு காப்பி. டிசைன் பண்றவனுக்கு பென்டிரைவ்ல ஒண்ணு, அவன் திருப்பி தரும்போது அதோட சேர்த்தே திருப்பி தருவான். குவைத்ல இருக்கிற மாப்பிள்ளைக்க அண்ணனுக்கு ஒண்ணு. பிறகு "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் அக்கா சொன்னது". நான் சிரிக்கதுக்கு சொல்லல்ல, கடைசியா சொன்ன ஃபோல்டர் இப்பவும் எனக்க டிஸ்க்ல இருக்கு, எந்த அக்கான்னுதான் மறந்து போச்சு.

இப்ப உங்க நாலு வரிக்கு வாறேன். ஒரே பேருன்னு போட்டீங்க பாருங்க, அங்கயே சறுக்குது. கேமரா பேரு வைக்கிற லட்சணம் ஸ்டுடியோக்காரனுக்குத்தான் தெரியும். நிக்கான்னா டிஎஸ்சி 0001, கேனான்னா ஐஎம்ஜி 0001, அப்படியே எண்ணிட்டு போயி 9999 ஆனதும் மறுபடி 0001ல தொடங்கிரும். பிள்ளைக்கு பேரு வைக்க தெரியாத கேமரா. போன வருசம் கருங்கல்ல எடுத்த கல்யாணத்துலயும் ஒரு ஐஎம்ஜி 4127 இருக்கும், இந்த வருசம் குலசேகரத்துல எடுத்த கல்யாணத்துலயும் ஒரு ஐஎம்ஜி 4127 இருக்கும், ஒண்ணுல தாலி கட்டு, இன்னொண்ணுல சாம்பார் வாளி. ரெண்டு கேமராவும் கேனான்னா ஒரே கல்யாணத்துலயே ஒரே பேர்ல ரெண்டு படம் வந்து நிக்கும். எங்க ஊர்ல சேவியரேன்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்பி பாப்பான், அதனாலதான் நாங்க வீட்டுப்பேரு சேர்த்து கூப்பிடுறது. பேரு ஒண்ணுங்கறதுக்காக நாலு சேவியர்ல மூணு பேர அனுப்பிர முடியுமா?

சரி, சைஸும் ஒண்ணா இருக்கணும்னு சொல்லிருக்கோமேன்னு நீங்க கேப்பீங்க. இதுக்கு ஒரு சம்பவம் சொல்லணும், எழுதவா வேண்டாமான்னு ரெண்டு நாளு யோசிச்சேன்.

2017 நவம்பர் 30. எங்க பக்கத்து ஆளுங்க கிட்ட இந்த தேதிய விளக்க வேண்டாம், ஒக்கி புயல் அடிச்ச நாள். அதுக்கு முந்தின ராத்திரி நான் ஒரு கல்யாணத்துக்க படத்த பழைய டிஸ்க்ல இருந்து புது டிஸ்க்குக்கு காப்பி போட்டு விட்டுட்டு படுத்தேன், விடியதுக்குள்ள காத்து பிடிச்சு கரண்ட் போச்சு, யுபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திட்டு அதுவும் அடங்கிட்டு. வாழையும் ரப்பரும் ரோட்டுக்கு குறுக்க கிடக்கு, கரண்ட் கம்பம் வரிசையா சாஞ்சு கிடக்கு, அந்த நேரத்துல எவன் கம்ப்யூட்டர நினைப்பான். நாள் கணக்கா இருட்டு. கரண்ட் வந்த பிறகு மறுபடி காப்பி போட்டேன், ஏற்கனவே இருக்கிற ஃபைல விட்டுட்டு மிச்சத்த போடவான்னு விண்டோஸ் கேட்டுது, ஆமான்னு தட்டினேன். ஃபைல் எண்ணிக்கை சரி, மொத்த சைஸும் சரி, முடிஞ்சதுன்னு புது டிஸ்க்ல ஃபோல்டருக்கு மாப்பிள்ளை பேரு பெண்ணு பேரு தேதி எல்லாம் போட்டு அழகா வச்சேன். பழைய டிஸ்க்ல இருந்தது பையன் போட்ட அந்த "புதிய ஃபோல்டர் (3)".

கிறிஸ்துமஸ் சமயம். தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, கூட அவங்க மகள். மகன் கடலுக்கு போனவன், வரல்ல. "மக்களே, அவனுக்க ஒரு படம் வேணும், நல்லா சிரிச்சிட்டு இருக்கது, நீ எடுத்த கல்யாணத்துல அவன் இருந்தான்"னாங்க. ஃபோன்ல அவங்க கிட்ட இருந்தது எல்லாம் சின்ன சின்ன படம், ஃபிரேம் போட தேறாது. எனக்கு அந்த பையன நல்லா ஞாபகம் இருக்கு, மாப்பிள்ளைக்க கூட்டுக்காரன், குரூப் போட்டோவுல முன் வரிசைல கீழ உக்காந்து கத்திட்டே இருந்தவன். புது டிஸ்க்ல அந்த படத்த திறந்தேன். பின்னால நிக்கிறவங்க எல்லாம் தெளிவா இருக்காங்க, மாப்பிள்ளை பெண்ணு இருக்காங்க, அதுக்கு கீழ, முன்னால உக்காந்த வரிசை முழுக்க சாம்பல் கலர். ஒரு துணிய போட்டு மூடின மாதிரி. கரண்ட் போன நேரத்துல பாதி எழுதி நின்ன ஃபைல், இடத்த முழுசா பிடிச்சு வச்சிட்டு உள்ள எழுதாம விட்டது, அதனால சைஸ் மட்டும் அச்சு அசலா அதே சைஸ். நானும் இருக்கிறத விட்டுருன்னு சொன்னதால விண்டோஸ் அத தொடவே இல்ல.

அந்த அம்மா பின்னால நின்னு ஸ்க்ரீன பாத்துட்டு இருக்காங்க. நான் பழைய டிஸ்க்க தேடி எடுத்து மாட்டி "புதிய ஃபோல்டர் (3)"ல அதே பேர திறந்தேன். இருந்தான். வாய திறந்து சிரிச்சிட்டு இருந்தான்.

பேரு ஒண்ணு, சைஸ் ஒரு பைட் கூட மாறாம ஒண்ணு. உங்க டிப்ஸ் படி இது டூப்ளிகேட். எத வச்சிருப்போம் எத களைவோம்னும் யோசிச்சு பாருங்க, பேரெல்லாம் போட்டு அழகா இருக்கிற ஃபோல்டர வச்சிட்டு "புதிய ஃபோல்டர் (3)"யத்தான களைவோம், நீங்களும் நானும்.

அப்ப எத பாக்கணும்? உள்ள இருக்கிறத பாக்கணும். இதுக்குத்தான் ஹாஷ்னு ஒண்ணு வச்சிருக்காங்க. ரேஷன் கடைல பேரு கேக்காம விரல வைக்க சொல்றாங்கல்லா, அது மாதிரி. ஃபைல முதல் பைட்ல இருந்து கடைசி பைட் வரை படிச்சு, ஒரு கணக்கு போட்டு, கடைசில ஒரு நீட்டு எழுத்து தரும். எஸ்எச்ஏ-256ங்கற கணக்குன்னா 64 எழுத்து, 28 எம்பி படம்னாலும் 64 எழுத்து, 45 ஜிபி வீடியோன்னாலும் 64 எழுத்து. உள்ள ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64ம் தலைகீழா மாறிரும். பேர மாத்துங்க, ஃபோல்டர மாத்துங்க, அது மாறாது. விண்டோஸ்லயே செர்ட்யூடில்னு ஒரு கமாண்ட் இருக்கு, தனியா எதுவும் வாங்க வேண்டாம், ஒரு ஃபைல குடுத்தா ஹாஷ் சொல்லிரும். அந்த சாம்பல் படத்துக்கும் சரியான படத்துக்கும் பிறகு போட்டு பாத்தேன், ரெண்டுக்கும் ஒரு பொருத்தமும் இல்ல, ஜாதகம் பாத்தா ஒண்ணும் சேராத மாதிரி.

எனக்க அக்கா மகன் சென்னைல சர்வர் வேலை பாக்கான், அவன் கிட்ட கேட்டேன், ரெண்டு வேற வேற படத்துக்கு தப்பித்தவறி ஒரே ஹாஷ் வந்துராதான்னு. "மாமா, பழைய எம்டி5ங்கற ஹாஷ் கணக்கு 1992ல வந்தது, அத 2004லயே உடைச்சிட்டாங்க, எஸ்எச்ஏ-1க்கு 2017ல கூகிளும் ஆம்ஸ்டர்டாம்ல ஒரு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஒரே ஹாஷ் வாற ரெண்டு பிடிஎஃப் செஞ்சு காட்டிட்டாங்க, ஆனா அதெல்லாம் வேணும்னே உக்காந்து செஞ்சா, உங்க கல்யாண படத்துக்கு எவனும் அவ்வளவு மெனக்கெட மாட்டான், எஸ்எச்ஏ-256 போடுங்க, இல்ல கடைசில ரெண்டு ஃபைலையும் பைட் பைட்டா ஒத்து பாக்கிற சாஃப்ட்வேர் போடுங்க, நிம்மதியா தூங்கலாம்"னான். கொள்ளாம்னு தோணிச்சு.

இத கையால செய்ய முடியாது, அதுக்கு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு. டூப்குரு இருக்கு, லினக்ஸ்ல எஃப்டூப்ஸ் இருக்கு, நான் வச்சிருக்கது ச்கவ்கான்னு ஒண்ணு. போலந்துக்காரங்க பாஷைல விக்கல்னு அர்த்தமாம். நம்ம ஊர்ல விக்கல் வந்தா யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லுவோம், மறந்து போன ஃபைல எல்லாம் ஞாபகப்படுத்துறதுக்கு பொருத்தமான பேருதான். இதுங்க எல்லாம் வேலை செய்யிற விதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், முதல்ல சைஸ மட்டும் பாக்கும், சைஸ் வேறன்னா ரெண்டும் ஒண்ணா இருக்க வழியே இல்ல, அங்கயே கழிஞ்சிரும். சைஸ் ஒத்து வாறதுல முன்பக்கம் கொஞ்சம் படிச்சு பாக்கும், அதுவும் ஒத்துட்டுன்னாத்தான் முழுசா படிக்கும். நீங்க சைஸ வச்சு முடிச்ச இடத்துல இதுங்க தொடங்குது, வித்தியாசம் அதுதான். முழு 4 டிபியையும் படிக்கணும்னா செகண்டுக்கு 150 எம்பி வேகத்துல ஏழரை மணி நேரம் ஆகும், ஏழரைன்னதும் பயப்படாதீங்க, இப்படி கழிச்சு கழிச்சு போறதால அவ்வளவு ஆகாது. ஆனா பழைய யூஎஸ்பி 2 ஓட்டைல மாட்டினா ஏழரை நாட்டு சனிதான், நான் ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பட்டிருக்கேன்.

எனக்கு ஒரு டிஸ்க்ல மட்டும் 640 ஜிபி டூப்ளிகேட் வந்தது. ரெண்டு கல்யாணத்துக்கு மேல இடம்.

பிறகு எல்லா ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 தனியா போட்டு லிஸ்ட் எடுத்து பாத்தா அதுலயும் ஒரு கூத்து. முதல்லயே முந்நூறு ஃபைல் ஒரே கும்பலா நிக்குது, எல்லாம் வேற வேற பேரு, வேற வேற கல்யாணம், ஹாஷ் மட்டும் ஒண்ணு. ஈ3பி0சி442ன்னு தொடங்குது. என்னடா இது அதிசயம்னு பாத்தா எல்லாம் சைபர் பைட் ஃபைல், டிஸ்க் நிறைஞ்ச நேரத்துல காப்பி போட போயி பேரு மட்டும் உண்டாயி உள்ள ஒண்ணும் இல்லாம நின்னது. ஒண்ணுமில்லாததுக்கும் ஒரு ஹாஷ் உண்டு, அது எப்பவும் அதுதான். இத பாத்தா அழிக்க நிக்காதீங்க, இந்த படம் வேற எங்கயாவது முழுசா இருக்கான்னு தேடுங்க. எனக்கு அதுல பதினோரு படம் எங்கயும் கிடைக்கல்ல, அந்த வீட்டுக்காரங்க இதுவரை கேக்கவும் இல்ல, கேட்டா என்ன சொல்லதுன்னு எனக்கு தெரியாது.

அடுத்தது அழிச்சிருங்கன்னு போட்டது. அழிக்கது ஒரு வழிதான், அதவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. லைட்ரூம் மாதிரி படம் திருத்துற சாஃப்ட்வேர்ல வேலை பாக்கிறவனுக்கு தெரியும், அது படத்த உள்ள எடுத்து வைக்காது, எந்த ஃபோல்டர்ல எந்த பேர்ல இருந்துதுன்னு விலாசம்தான் எழுதி வச்சிருக்கும். நீங்க டூப்ளிகேட்டுன்னு நினைச்சு அந்த விலாசத்துல இருந்த ஃபைல களஞ்சிட்டா, படம் வேற ஃபோல்டர்ல இருந்தாலும் அதுக்கு தெரியாது, ஓரத்துல ஒரு ஆச்சரியக்குறிய போட்டு முழிக்கும். அதுக்குத்தான் ஹார்டு லிங்க், ஒரே ஃபைலுக்கு ரெண்டு இடத்துல பேரு வைக்கிறது. ஒரே குளத்துக்கு கிழக்க ஒரு படித்துறை, மேக்க ஒரு படித்துறை இருக்குல்லா, அதே மாதிரி டிஸ்க்ல தண்ணி ஒரே இடத்துல கிடக்கும், போற வழி ரெண்டு. "செலக்சன்" வழியா போனாலும் அந்த படம், "ஒரிஜினல்" வழியா போனாலும் அதே படம், இடம் ஒரு படத்துக்கு உண்டானதுதான். ஒரு படித்துறைய இடிச்சாலும் குளம் எங்கயும் போகாது, ரெண்டையும் இடிச்சாத்தான் போகும். ச்கவ்காவுல அழிக்கிற பட்டனுக்கு பக்கத்துலயே இதுக்கும் பட்டன் இருக்கு.

ஆனா இதுலயும் ஒரு முள்ளு உண்டு, குத்தி தெரிஞ்சவன் சொல்றேன். பையன் "செலக்சன்" ஃபோல்டர்ல ஒரு படத்த திறந்து வெளிச்சம் கூட்டி, ஓரத்துல நின்ன மாமாவ வெட்டி களஞ்சிட்டு சேவ் பண்ணிட்டான், ஒரிஜினல் ஃபோல்டர்ல போயி பாத்தா அங்கயும் மாமா இல்ல. ஒரே குளம்லா, கிழக்க மஞ்சள கலக்குனா மேக்க தெளிஞ்சா கிடக்கும்? சில சாஃப்ட்வேர் சேவ் பண்ணும்போது புதுசா ஒரு ஃபைல் எழுதி பேர மாத்தி வைக்கும், அப்ப லிங்க் அறுந்துரும், பழசு தப்பிச்சிரும். சிலது இருக்கிற ஃபைலுக்கு மேலயே எழுதும், அப்ப ரெண்டும் போச்சு. எது எப்படின்னு நமக்கு தெரியாது. அதனால ரா ஃபைல், வீடியோன்னு யாரும் கை வைக்காத ஃபைலுக்கு மட்டும் ஹார்டு லிங்க் போடுறேன், எடிட் பண்ற ஜேபெக் படத்துக்கு போடுறது இல்ல. பென்டிரைவ்லயும் எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மட்ல இருக்கிற வெளி டிஸ்க்லயும் இது நடக்காது, என்டிஎஃப்எஸ் ஃபார்மட் வேணும், அதுவும் ரெண்டு ஃபைல் பேரும் ஒரே டிரைவுக்குள்ள இருக்கணும். மேக் வச்சிருக்கிறவனுக்கு இந்த தலைவலி குறைவு, புது மேக்ல ஏபிஎஃப்எஸ்ங்கற ஃபார்மட் இருக்கு, அதுலயே ஒரு ஃபைல டூப்ளிகேட் போட்டா இடமே பிடிக்காது, ஒண்ண திருத்தும்போது மாறின அளவுக்குத்தான் தனியா எழுதும். அதனால அவன் டூப்ளிகேட்ட அழிச்சிட்டு இடம் கூடல்லையேன்னு புலம்பினா அதுக்கு காரணம் இதுதான்.

அக்கா மகன் இதோட விடல்ல, சர்வர்ல எல்லாம் முழு ஃபைல பாக்கது இல்ல மாமா, ஃபைல துண்டு துண்டா வெட்டி ஒரே துண்டு ரெண்டு இடத்துல இருந்தா ஒண்ண மட்டும் வைப்போம், இசட்எஃப்எஸ்ங்கற ஃபார்மட்ல 2009லயும் விண்டோஸ் சர்வர்ல 2012லயும் வந்துட்டுன்னான். எனக்கு ஆசை வந்துட்டு. எனக்கும் போட்டு குடுலேன்னேன். அவன் கணக்கு போட்டான், 128 கேபி துண்டா வெட்டினா 1 டிபிக்கு 83 லட்சத்துக்கு மேல துண்டு வரும், ஒரு துண்டுக்கு சுமாரா 320 பைட்னு ராம்ல குறிச்சு வைக்கணும், அதுவே 1 டிபிக்கு கிட்டத்தட்ட 2.7 ஜிபி ராம், உங்க கம்ப்யூட்டர்ல மொத்தம் எவ்வளவு மாமான்னு கேட்டான். 8ன்னேன். சிரிச்சான். அது போக ஜேபெக்கும் வீடியோவும் ஏற்கனவே பிழிஞ்சு வச்ச ஃபைல், ரெண்டு வேற படத்துல ஒரே துண்டு கிடைக்கது அபூர்வம், ஆபீஸ்ல ஒரே விண்டோஸ நூறு தடவை போட்டு வச்சிருக்கிற இடத்துக்குத்தான் அது லாபம், உங்களுக்கு முழு ஃபைல் போதும்னு முடிச்சிட்டான். ஸ்டுடியோ வச்சிருக்கிற மத்தவங்களும் யூடியூப்ப பாத்துட்டு இதுக்குள்ள எறங்க வேண்டாம்.

வாட்ஸ்அப்ப பத்தியும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்ல சும்மா போட்டோவா அனுப்பினா அது படத்த சுருக்கித்தான் அனுப்பும், டாக்குமென்ட்டா அனுப்பினாத்தான் அப்படியே போகும். அதனால நான் குடுத்த படமும் அவங்க ஃபோன்ல சுத்தி வாற படமும் பாக்க ஒண்ணு, ஹாஷுக்கு ரெண்டு. அத கொண்டு வந்து 12க்கு 18 பிரின்ட் போட்டு குடுங்கன்னு நிப்பாங்க, மூக்கும் கண்ணும் மெழுகு மாதிரி வரும், பழி நமக்கு. இப்படி ஒரே மாதிரி தோணுற படத்த தேடவும் இந்த சாஃப்ட்வேர்ல தனியா ஒரு வழி இருக்கு, ஆனா அது ஒண்ணுங்கறது வேற, ஒரே மாதிரிங்கறது வேற. தாலி கட்டும்போது ஒரு செகண்டுக்கு அஞ்சு படம் தட்டுவோம், அதுல நாலுல பெண்ணு கண்ண மூடியிருப்பா, ஒண்ணுலதான் திறந்திருப்பா, மெசினுக்கு அஞ்சும் ஒரே மாதிரி. அதுல எல்லாம் டிக் போட்டு அழின்னு குடுத்தீங்கன்னா எந்த கண்ணு மிஞ்சும்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம். அத கண்ணால பாத்துத்தான் செய்யணும், குறுக்கு வழி இல்ல.

கடைசியா, எனக்கு உண்மையிலயே கோவம் வந்த வரி, எல்லா ஹார்டு டிஸ்க்கையும் ஒண்ணா மாட்டுங்கங்கறது. எனக்க கிட்ட ஒரு டிஸ்க் கடைல இருக்கு, அதே படம் எல்லாம் உள்ள இன்னொரு டிஸ்க் மார்த்தாண்டத்துல எனக்க தங்கச்சி வீட்டு அலமாரில அரிசி டின்னுக்கு பக்கத்துல இருக்கு. கடை நனைஞ்சாலும் தீ பிடிச்சாலும் அது இருக்கணும்னு வச்சது, 2021 நவம்பர்ல எங்க மாவட்டத்துல மழை தண்ணி எங்க எல்லாம் ஏறிச்சுன்னு நீங்கதான் முதல் பக்கத்துல படம் போட்டீங்க. அந்த ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணா மாட்டி டூப்ளிகேட் தேடினா என்ன வரும்? அம்புட்டும் டூப்ளிகேட். ஒண்ண வச்சிட்டு மிச்சத்த அழின்னா, தங்கச்சி வீட்டு டிஸ்க்ல இருந்து பாதியும் கடை டிஸ்க்ல இருந்து பாதியும் போயிரும், இடம் நிறைய கிடைக்கும், சந்தேகமே இல்ல. பிறகு ரெண்டுல எது செத்தாலும் பாதி ஊர் கல்யாணம் போச்சு. சாஃப்ட்வேருக்கு ரெண்டும் ஒண்ணுன்னு மட்டும்தான் தெரியும், ரெண்டாவதா ஏன் ஒண்ணு இருக்குன்னு அதுக்கு தெரியாது, அத வச்சவனுக்குத்தான் தெரியும்.

நான் செய்யது இப்படி. ஒரு நேரத்துல ஒரு டிஸ்க் மட்டும் மாட்டுவேன். பேரு போட்டு வச்ச ஃபோல்டர ரெஃபரன்ஸ்னு குறிச்சிருவேன், அப்படி குறிச்சா அதுல இருந்து ஒண்ணையும் அழிக்காது, ஆனா குறிக்கதுக்கு முன்னால அதுக்குள்ள இருக்கிற படத்த கொஞ்சம் திறந்து கீழ் வரிசை வரைக்கும் பாப்பேன், ஏன்னு மேல சொல்லியாச்சு. டூப்ளிகேட்டுன்னு வந்தத உடனே களைய மாட்டேன், "சந்தேகம்"னு ஒரு ஃபோல்டருக்கு தூக்கி போட்டு ஒரு மாசம் கிடக்க விடுவேன், இடம் அந்த ஒரு மாசத்துக்கு கிடைக்காதுதான், போட்டும். யாரும் தேடி வரல்லன்னா பிறகு களைவேன். பிறகு இந்த டூப்ளிகேட் உண்டாகிறதுக்கே காரணம் காப்பி சரியா ஆச்சாங்கற பயம்தான், அதனால இப்ப டெராகாப்பின்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு காப்பி போடுறோம், அதுல வெரிஃபைய ஆன் பண்ணி வச்சா காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கத்தையும் படிச்சு ஒத்து பாத்து பச்சை காட்டும், பச்சை வந்தா பையன் கார்டு உறைல ஒரு டிக் போடுவான், டிக் இருந்தா மறுபடி காப்பி போட கூடாது. ஃபைல் பேரையும் காப்பி போடும்போதே தேதி, கேமரா ஏ, கேமரா பின்னு மாத்திருவோம். இத செஞ்ச பிறகு "புதிய ஃபோல்டர்" எனக்க டிஸ்க்ல பிறக்கிறது நின்னு போச்சு, கிட்டத்தட்ட.

ஆசிரியர் ஐயா, உங்க பேப்பர்ல வந்தா எங்க ஊர்ல அது சட்டம் மாதிரி, எனக்க கடை பையனே மவுச எடுத்துட்டான்னா மத்த கடை பையன்மாரு எத்தனை பேரு எடுத்திருப்பான். அதனால இந்த லெட்டர முழுசா போட இடம் இல்லன்னாலும் பரவாயில்ல, அந்த டிப்ஸ் பெட்டியிலயே அடுத்த வாரம் ரெண்டே வரி போடுங்க, பேரும் சைஸும் பத்தாது ஹாஷ் பாக்கணும், பேக்கப் டிஸ்க்க சேர்த்து மாட்ட கூடாதுன்னு. ஏற்கனவே அழிச்சவங்களுக்கும் ஒரு வரி, அழிச்ச டிஸ்க்ல புதுசா எதுவும் காப்பி போடாம கழட்டி வச்சிட்டு ரெக்கவரி தெரிஞ்ச ஆளு கிட்ட உடனே குடுங்கன்னு, மேல எழுதாத வரைக்கும் பழைய ஹார்டு டிஸ்க்ல பெரும்பாலும் மீட்டுரலாம், எஸ்எஸ்டின்னா கஷ்டம். இத இந்த வாரமே போட்டா நல்லது.

இப்படிக்கு
கல்யாண போட்டோக்காரன்
நித்திரவிளை, கன்னியாகுமரி மாவட்டம்

பி.கு: அந்த சாம்பல் படத்த நான் இன்னும் களையல்ல. டூப்ளிகேட் லிஸ்ட்ல அது வராது, வேற ஹாஷ்லா.